நியூயார்க் 1975: வாஷிங்டன் வாசல்ல போய் நின்ன ஒரு மாநகராட்சியோட கதை

1975 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை காலைல நியூயார்க் மாநகராட்சி கஜானாவுல இருந்தது சுமார் 3.4 கோடி டாலர், அன்னைக்கு பொழுது சாயறதுக்குள்ள குடுத்து முடிக்க வேண்டிய கடன் 45.3 கோடி டாலர். இது ஏதோ சின்ன பேரூராட்சி இல்லீங்க, வால் ஸ்ட்ரீட் இருக்கற ஊரு, வருஷ பட்ஜெட்டே கிட்டத்தட்ட 1,200 கோடி டாலர். முந்தின நாள் ராத்திரி வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்ல முன்னாள் கவர்னர் அல் ஸ்மித் பேர்ல வருஷா வருஷம் நடக்கற பெரிய விருந்து, மேயர் ஆபிரகாம் பீம், கவர்னர் ஹியூ கேரி, பேங்க் ஆளுங்க எல்லாம் டிப்டாப்பா உக்காந்திருக்காங்க, அந்த நேரம் பார்த்து விஷயம் காதுக்கு காது போகுது, டீச்சர்ஸ் பென்ஷன் பண்டு சொன்ன காசை தரமாட்டேன்னுடுச்சு, நாளைக்கு ஊர் திவால். மேயர் வாசிக்கறதுக்கு "கடனைக் கட்ட கையில காசு இல்ல"ன்னு ஒரு அறிக்கைய டைப் அடிச்சு ரெடியா வெச்சுட்டாங்க.

அந்த வெள்ளிக்கிழமை என்ன ஆச்சுன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த ஊர் எப்படி இந்த நிலைமைக்கு வந்துச்சு, மேல இருக்கற ரெண்டு அரசாங்கத்துகிட்ட போய் என்ன கேட்டுச்சு, என்ன கிடைச்சுதுங்கறதை பார்த்துடலாம். ஏன்னா இவங்க கேட்டது ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு இப்ப மூழ்காம இருக்க காசு. இன்னொண்ணு, எங்க தலையில நீங்க கட்டி விட்ட செலவை நீங்களே எடுத்துக்கோங்கங்கற கொள்கை மாற்றம். இந்த கேஸை பத்தி பேசறவங்க பாதி பேர் முதலாவதை மட்டும் பேசிட்டு போயிடறாங்க, எனக்கு ரெண்டாவது தான் முக்கியமா படுது.

மூணு மாடி வீடு

அமெரிக்கால ஒரு ஊருக்கு சொந்தமா அதிகாரம்னு ஒண்ணும் கிடையாது. அவங்க அரசியல் சட்டத்துல மாநகராட்சிங்கற பேச்சே இல்ல, மாநிலம் போட்டு குடுத்த சட்டத்துல தான் ஊரே ஓடுது. நியூயார்க் ஒரு புது வரி போடணும்னா கூட தலைநகரம் அல்பனில இருக்கற மாநில சட்டசபை தலையாட்டணும். சரி, வரி போடத்தான் பெர்மிஷன் வேணும், செலவு எப்படின்னா, அது மேல இருந்து தானா இறங்கி வரும். ஏழைக் குடும்பங்களுக்கான வெல்ஃபேர் உதவித்தொகை, ஏழைகளுக்கான மருத்துவ திட்டமான மெடிகெய்டு, இது ரெண்டுலயும் கணக்கு இப்படி: 50 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநிலம், மீதி 25 சதவீதம் ஊரு. யாருக்கு குடுக்கணும், எவ்வளவு குடுக்கணும்னு முடிவு பண்றது மேல இருக்கற ரெண்டு பேரு, காசை எடுத்து வைக்க வேண்டியது கீழ இருக்கறவன். அமெரிக்கால மத்த பெரிய ஊர்கள்ல பெரும்பாலும் இந்த கால் பங்கு ஊர் தலையில கிடையாது, மாநிலமோ கவுண்டியோ (நம்ம மாவட்டம் மாதிரி) பார்த்துக்கும். நியூயார்க்ல அப்ப வெல்ஃபேர்ல இருந்தவங்க மட்டும் பத்து லட்சம் பேர் கிட்ட, அப்ப கால் பங்குன்னா என்ன தொகைன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதுக்கு மேல சொந்தமா ஆஸ்பத்திரிங்க, ஃபீஸே வாங்காத ஒரு பெரிய யூனிவர்சிட்டி (சிட்டி யூனிவர்சிட்டி, 1847ல ஆரம்பிச்ச காலத்துல இருந்து இலவசம்), போலீஸ், பள்ளிக்கூடம், குப்பை எல்லாம். அதே சமயம் ஊரோட வரவு காலி ஆகிட்டே வருது. ஃபேக்டரிங்க மூடி வேற ஊருக்கு போறாங்க, 1960கள் கடைசில இருந்து 75க்குள்ள ஐஞ்சு லட்சம் வேலை கிட்ட காணாம போச்சு, கையில காசு இருந்த வெள்ளைக்கார நடுத்தர குடும்பங்க புறநகருக்கு ஓடிட்டாங்க. அவங்க ஓடறதுக்கு ரோடு போட்டதும் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் குடுத்ததும் அதே மத்திய அரசு தான், இதை அப்ப வாஷிங்டன்ல யாரும் கணக்குல எடுத்த மாதிரி தெரியல.

நியூயார்க் மேல தப்பே இல்லையான்னு கேட்டா, இருக்கு, நிறைய இருக்கு. கணக்குல பண்ணின தில்லுமுல்லு சாதாரணம் இல்ல. மூலதன பட்ஜெட்னு ரோடு, பாலம் கட்ட வெச்சிருக்கற கடன் காசுல தொழிற்கல்வி மாதிரி அன்றாட செலவை ஒளிச்சு வெச்சாங்க, வீட்டுக்கு கடன் வாங்கி மளிகை சாமான் வாங்கற மாதிரி. வரவே வராத சொத்துவரிய "வந்துடும்"னு எழுதி, அதை காட்டி குறுகிய கால கடன் பத்திரம் வித்தாங்க, வரியே கட்ட வேண்டாத கட்டடங்களோட வரி கூட அந்த லிஸ்ட்ல இருந்துச்சுன்னு பின்னாடி விசாரிச்ச பங்குச்சந்தை ஆணையம் 1977ல எழுதிச்சு. எனக்கு இதை படிக்கும்போது சிரிப்பு தான் வந்துச்சு. நானும் கொஞ்ச காலம் ஒரு நகராட்சில கணக்கு பிரிவுல தற்காலிகமா வேலை பார்த்திருக்கேன், எவ்வளவு வரி வரணும், எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு பாக்கின்னு எழுதற கேட்பு வசூல் நிலுவை பட்டியல்ல நிலுவைக்குன்னு ஒரு கட்டம் இருக்கே, இடிச்சு போட்ட வீட்டுக்கெல்லாம் அதுல பாக்கி நிக்கும், ஒருத்தரும் தள்ளுபடி பண்ண கையெழுத்து போடமாட்டாங்க, அடுத்த வருஷத்துக்கு அப்படியே தூக்கிட்டு போவோம். வித்தியாசம் என்னன்னா எங்க ஊர்ல அந்த நிலுவைய காட்டி யாரும் கடன் குடுக்கல. நியூயார்க்குக்கு பேங்குங்க வரிசைல நின்னு குடுத்தாங்க.

1975 வசந்த காலத்துல மொத்த கடன் சுமார் 1,400 கோடி டாலர், அதுல 600 கோடி கிட்ட குறுகிய காலக் கடன், அதாவது சில மாசத்துக்கு ஒரு தடவை பழசை அடைக்க புதுசு வாங்கிட்டே இருக்கணும். வட்டி 9 சதவீதம் தாண்டி போச்சு, வர்ற வட்டிக்கு வருமான வரி கட்ட வேண்டாத பத்திரத்துக்கு அது அநியாய வட்டி. பிப்ரவரில மாநிலத்தோட வீடு கட்டற நிறுவனம் ஒண்ணு, அர்பன் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், 10 கோடிக்கு மேல கட்ட முடியாம கையை விரிச்சுது, அதோட எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு. வசந்தம் முடியறதுக்குள்ள நியூயார்க் பத்திரத்தை வாங்க ஆளே இல்ல. முந்தின வருஷம் வரைக்கும் அதுல கமிஷன் பார்த்த பேங்குங்க சத்தமில்லாம தங்ககிட்ட இருந்ததையும் வித்துட்டு வெளிய வந்துட்டாங்க.

கதவை முதல்ல தட்டினது: மே மாசம்

மே 13ந்தேதி பீமும் கேரியும் வெள்ளை மாளிகைக்கு போய் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டை பார்த்தாங்க. கேட்டது பெருசா ஒண்ணும் இல்ல, 100 கோடி டாலருக்கு 90 நாள் உங்க பேர்ல ஒரு ஜாமீன், அதுக்குள்ள மாநில சட்டசபைய கூட்டி ஒரு வழி பண்ணிடறோம். மறுநாளே பதில் லெட்டர், முடியாது. மொதல்ல உன் வீட்ட ஒழுங்கு பண்ணு, செலவை குறை, அப்புறம் மாநிலத்துகிட்ட போ.

இங்க பீம் பத்தி ஒரு வார்த்தை. குள்ளமான மனுஷன், தொழில்ல கணக்காளர், மேயர் ஆகறதுக்கு முன்னாடி இதே ஊரோட கம்ப்ட்ரோலர், அதாவது எல்லா கணக்கையும் பார்த்து கையெழுத்து போட்டவரு. அதனால "எனக்கு தெரியாது, முந்தினவங்க பண்ணிட்டாங்க"ன்னு சொல்ற வசதியே அவருக்கு இல்ல. மேல போய் காசு கேக்கறவனுக்கு முதல் தேவை அவன் சொல்ற நம்பரை எதிர்ல இருக்கறவன் நம்பணும், பீம் ஒவ்வொரு தடவை பற்றாக்குறை எவ்வளவுன்னு சொல்லும்போதும் அடுத்த மாசம் அது பெருசாகி நின்னுச்சு. வாஷிங்டன் அதிகாரிங்களுக்கு இதுவே போதும்.

ஃபோர்டு பக்கம் இதுல ரொம்ப கறாரா நின்னது நிதி அமைச்சர் வில்லியம் சைமன். அவரு அதுக்கு முன்னாடி வால் ஸ்ட்ரீட்ல இதே மாதிரி ஊராட்சி, மாநகராட்சி பத்திரம் விக்கற வேலைல இருந்தவருங்கறது ஒரு தமாஷ். உதவி பண்றதா இருந்தா கூட, இனிமே எந்த ஊரும் இந்த வழிக்கு வரவே யோசிக்கணும், அந்த அளவுக்கு நிபந்தனை வலிக்கணும்னு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்லயே நின்னு சொன்னாரு. அதாவது நியூயார்க்கை பார்த்து மத்த ஊர் பயப்படணும்.

வாஷிங்டன் கதவு சாத்தினதும் அல்பனி தான் கதி. ஜூன் 10ந்தேதி மாநிலம் ஒரு புது நிறுவனம் ஆரம்பிச்சுது, முனிசிபல் அசிஸ்டன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமா மேக், ஜனங்க கிண்டலா "பிக் மேக்"னு கூப்பிட்டாங்க. ஊரோட விற்பனை வரியும், கம்பெனி பங்கு கைமாறும்போது போடற வரியும் நேரா மேயர் கைக்கு போகாம இந்த நிறுவனத்துக்கு போகும், அதை வெச்சு இவங்க பத்திரம் வித்து ஊருக்கு காசு குடுப்பாங்க. சம்பளக் கவர் நேரா மாமனார் கைக்கு போற மாதிரின்னு வெச்சுக்கோங்க. இதோட மூளை லசார்ட் ஃப்ரேர்ஸ் பேங்கோட ஃபெலிக்ஸ் ரோஹட்டின். முதல் 100 கோடி எப்படியோ வித்துச்சு, அடுத்தது விக்கல.

ஜூலை 1 அன்னைக்கு ஊர் இருந்த லட்சணத்தை சொல்லணும். சுமார் 5,000 போலீஸ்காரங்களுக்கு வேலை போச்சு, அவங்க போய் புரூக்ளின் பாலத்தை மறிச்சாங்க. குப்பை அள்றவங்க யூனியன் சொல்லாமலே வேலைய நிறுத்தினாங்க, ஜூலை வெயில்ல மூட்டை மூட்டையா குப்பை. அதுக்கு முந்தின மாசம் போலீஸ் யூனியன்ங்க ஒரு நோட்டீஸ் அடிச்சாங்க, அட்டைல முக்காடு போட்ட மண்டை ஓடு, தலைப்பு "பய நகரத்துக்கு வரவேற்கிறோம்". ஏர்போர்ட்ல வந்து இறங்கற டூரிஸ்ட்டுங்க கையில குடுக்கற பிளான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ரோட்டுல இருக்காதீங்க, நடந்து போகாதீங்க, மன்ஹாட்டனை விட்டு வெளிய போகாதீங்க, இப்படி ஒவ்வொரு பாயிண்ட்டா போகும். ஊருக்கு காசு வாங்கித் தர்றேன்னு ஊர் பேரையே நாறடிச்சது தான் மிச்சம், ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. வாஷிங்டன்ல இதை பார்த்தவன் ஐயோ பாவம்னா நினைப்பான், இந்த ஊரை யாரும் நடத்த முடியாதுன்னு தான் நினைப்பான்.

செப்டம்பர்ல சப்வே டிக்கெட் 35 சென்ட்ல இருந்து 50 சென்ட். அதே மாசம் மாநிலம் இன்னொரு படி மேல போய் அவசர நிதி கட்டுப்பாட்டு வாரியம்னு ஒண்ணை உக்கார வெச்சுது. கவர்னர், மேயர், மாநிலத்துக்கும் ஊருக்கும் இருக்கற ரெண்டு கம்ப்ட்ரோலர்கள், அது போக கவர்னர் நியமிச்ச மூணு கம்பெனி ஆளுங்க, மொத்தம் ஏழு பேரு. ஓட்டு போட்டு வந்த மேயரோட பட்ஜெட்டும் யூனியன் ஒப்பந்தமும் இவங்க ஓகே பண்ணா தான் செல்லும். பீம் மேயர் நாற்காலில இருந்தாரு, அவ்வளவு தான்.

மட்ஸா சாப்பிட்டு எடுத்த முடிவு

இப்ப அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

திட்டம் என்னன்னா, ஊர் ஊழியர்களோட பென்ஷன் பண்டுங்க மேக் பத்திரத்தை வாங்கும், அந்த காசுல அன்னைக்கு கடன் அடையும். டீச்சர்ஸ் பண்டோட பங்கு 15 கோடி டாலர். டீச்சர்ஸ் யூனியன் தலைவர் ஆல்பர்ட் ஷேங்கர் பக்கம் நின்னு யோசிச்சு பாருங்க, ரிட்டயர் ஆனவங்க, ஆகப்போறவங்க காசு அது, திவாலாகப் போற ஊர் பத்திரத்துல கொண்டு போய் போடுன்னா எந்த டிரஸ்டி தலையாட்டுவான். வேலை பாதுகாப்புக்கு ஒண்ணும் உத்தரவாதம் இல்லாம, கை நீட்டறப்ப மட்டும் யூனியன் வேணுமான்னு அவங்களுக்கு கோபம் வேற. ஆனா குடுக்கலைன்னா ஊர் திவால், கோர்ட்ல நீதிபதி உக்காந்து ஒப்பந்தத்தை எல்லாம் கிழிக்கலாம், வேலையும் போகும், பென்ஷனும் ஆடும்.

காலைல ஷேங்கர் வந்து உக்காந்தது ரிச்சர்ட் ராவிச்சோட வீட்டுல. ராவிச் கட்டட கான்ட்ராக்ட் குடும்பத்து ஆளு, அந்த வருஷம் கையை விரிச்சுதுன்னு சொன்னேனே, அந்த வீடு கட்டற நிறுவனத்தை எடுத்து நிமிர்த்தறதுக்கு கேரி போட்ட தலைவர், ரெண்டு பக்கமும் பேசக்கூடியவரு. வீட்டுல சாப்பிட ஒண்ணும் இல்ல. மட்ஸா மட்டும் இருந்துச்சு, யூதர்கள் பாஸ்ஓவர் பண்டிகைக்கு செய்யற, புளிக்க வைக்காத காஞ்ச ரொட்டி, கடிச்சா மொறுமொறுன்னு துகளா கொட்டும். அந்த பண்டிகை முடிஞ்சு மாசக் கணக்காச்சு. அதைத்தான் எடுத்து வெச்சிருக்காரு. உலகத்தோட பெரிய பணக்கார ஊர் ஒண்ணு பிழைக்குமா சாகுமாங்கற பேச்சு அந்த காஞ்ச ரொட்டிய கடிச்சுக்கிட்டே நடக்குது. அந்தப் பக்கம் பேங்க் கவுண்டர்ல பத்திரத்தை நீட்டி காசு கேட்டு ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஷேங்கர் வெளிய வந்து சரின்னாரு. மிரட்டி வாங்கிட்டாங்கங்கற கசப்பு அவருக்கு போகவே இல்ல. டைப் அடிச்சு வெச்சிருந்த திவால் அறிக்கை மேயரோட ஃபைல்லயே தங்கிடுச்சு.

ஒண்ணை கவனிச்சீங்களா, இந்த நிமிஷம் வரைக்கும் மத்திய அரசு ஒரு சென்ட் எடுத்து வைக்கல. ஊரைக் காப்பாத்தினது பள்ளிக்கூட டீச்சரோட ஓய்வுக்கால காசு.

"செத்துப் போ"

பன்னிரண்டு நாள் கழிச்சு, அக்டோபர் 29, நேஷனல் பிரஸ் கிளப்ல ஃபோர்டு பேசறாரு. நியூயார்க்கை திவால்ல இருந்து காப்பாத்தறதுக்குன்னு காங்கிரஸ் எந்த மசோதா அனுப்பினாலும் வீட்டோ பண்ணிடுவேன்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொன்னாரு, திவால் சட்டத்தை வேணா கொஞ்சம் மாத்தி தர்றேன், ஊர் ஒழுங்கா திவால் ஆகட்டும்னாரு. மறுநாள் டெய்லி நியூஸ் பேப்பர்ல பக்கம் முழுக்க தலைப்பு, "ஃபோர்டு டு சிட்டி: டிராப் டெட்". ஊரைப் பார்த்து செத்துப் போன்னு ஃபோர்டு சொன்னாருன்னு அர்த்தம். அந்த வார்த்தைய அவரு சொல்லவே இல்ல. ஆனா யாராவது பேச்சை படிச்சாங்களா என்ன, தலைப்பைத்தான் படிச்சாங்க, அது அவரோட கடைசி வரைக்கும் ஒட்டிக்கிச்சு.

அரசியல் பக்கம் இருந்து பார்த்தா ஃபோர்டு பண்ணினது கணக்கு தான். ஓஹையோலயும் இந்தியானாலயும் இருக்கறவனுக்கு நியூயார்க்னாலே ஒரு எரிச்சல், நாங்க வரி கட்டி அவனுங்க இலவச காலேஜுக்கு அழணுமாங்கற கேள்வி. அதே கட்சில வலது பக்கம் இருந்து ரீகன் வேற துரத்திட்டு வர்றாரு. அதனால வாஷிங்டன்ல நியூயார்க்குக்காக பேச வெளியூர் ஆளுங்க தேவைப்பட்டாங்க. அமெரிக்க மேயர்கள் மாநாடு அந்த வேலைய பண்ணிச்சு, அப்ப அதுக்கு தலைவர் நியூ ஆர்லியன்ஸ் மேயர் மூன் லாண்ட்ரியூ, தெற்கத்தி ஆளு. இன்னைக்கு நியூயார்க் விழுந்தா நாளைக்கு எங்க ஊர் பத்திரத்துக்கும் வட்டி ஏறும்ங்கறது தான் மத்த மேயர்களோட பயம். அதுல பாசம் கம்மி, பயம் ஜாஸ்தி, ஆனா அது தான் எடுபட்டுச்சு.

இன்னொரு பக்கம் மேற்கு ஜெர்மனி சான்சலர் ஹெல்முட் ஷ்மிட், நியூயார்க் விழுந்தா ஐரோப்பா வரைக்கும் ஆடும்னு வெளிப்படையாவே எச்சரிச்சாரு. அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வோட தலைவர் ஆர்தர் பர்ன்ஸும் ஆரம்பத்துல முடியாதுன்னவரு தான், நாடு முழுக்க எத்தனை பேங்க் தன் மூலதனத்துல பெரிய பங்கை நியூயார்க் பத்திரத்துல வெச்சிருக்குன்னு கணக்கு எடுத்து பார்த்ததும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வந்தாரு.

இந்த நவம்பர் மாசத்துல ஊரும் மாநிலமும் இன்னும் என்ன என்ன குடுத்தாங்கன்னு பாருங்க. ஊர்ல 20 கோடி டாலருக்கு புது வரி. பென்ஷன் பண்டுங்க இன்னும் 250 கோடி டாலர் அளவுக்கு பத்திரம் வாங்க ஒத்துக்கிச்சு. கையில குறுகிய கால பத்திரம் வெச்சிருந்தவங்களுக்கு "இப்ப அசல் கிடையாது, வேணும்னா மேக் பத்திரமா மாத்திக்கோ"ன்னு மாநிலம் ஒரு சட்டமே போட்டுச்சு (நாகரிகமா மொரட்டோரியம்னு பேரு, அடுத்த வருஷம் நவம்பர்ல மாநில உச்ச கோர்ட் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தூக்கி எறிஞ்சுது, அது தனிக்கதை). இதெல்லாம் முடிஞ்ச பிறகு தான், நவம்பர் 26ந்தேதி, ஃபோர்டு டிவில வந்து சரி, உதவி பண்றேன்னாரு.

உதவின்னா? வருஷத்துக்கு 230 கோடி டாலர் வரைக்கும் பருவக் கடன், 1978 ஜூன் வரைக்கும். நியூயார்க்கோட நிதியாண்டு ஜூலைல ஆரம்பிக்கும், சம்பளம் மாசா மாசம் போகும், ஆனா மாநிலத்துல இருந்து வர்ற பெரிய தொகை வசந்த காலத்துல தான் வரும், நடுவுல இருக்கற அந்த வறட்சிக்கு கைமாத்து. ஒவ்வொரு வருஷமும் ஜூன் 30க்குள்ள திருப்பி கட்டிடணும். வட்டி, மத்திய அரசு தான் வாங்கற கடனுக்கு குடுக்கறதை விட 1 சதவீதம் ஜாஸ்தி. கீழ்சபைல 213க்கு 203, பத்து ஓட்டுல பாஸ் ஆச்சு. டிசம்பர் 9 கையெழுத்து. ஊர் ஒவ்வொரு தவணையும் சரியா கட்டிச்சு, மத்திய அரசுக்கு இதுல லாபம். ஆமா, லாபம்.

மே மாசம் கேட்ட 90 நாள் ஜாமீனை அப்பவே குடுத்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னு ஒரு கட்சி, ஃபோர்டு அப்படி இறுக்கி பிடிக்கலைன்னா பீம் கடைசி வரைக்கும் கணக்கை மழுப்பிட்டே இருந்திருப்பாருன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டாவது கட்சி சொல்றதுல பாதி உண்மை இருக்குன்னு தான் தோணுது, மே மாசத்து நியூயார்க் கையில காசு குடுக்கற மாதிரி இல்ல. ஆனா இறுக்கினது யார் கழுத்தைங்கறது வேற கேள்வி. கணக்கை மழுப்பினவங்களுக்கும் 9 சதவீத வட்டி வாங்கினவங்களுக்கும் பெருசா ஒண்ணும் ஆகல.

பில் யார் பேர்ல போச்சு

1976 மே கடைசில சிட்டி யூனிவர்சிட்டில சம்பளம் குடுக்க காசு இல்லாம ரெண்டு வாரம் இழுத்து மூடிட்டாங்க. திறக்கும்போது 129 வருஷ இலவசப் படிப்பு முடிஞ்சு போச்சு, அந்த இலையுதிர் காலத்துல இருந்து ஃபீஸ். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, 1970ல தான் ஹைஸ்கூல் முடிச்ச யாரும் சேரலாம்னு கதவை திறந்து விட்டாங்க, அப்ப தான் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ பசங்க கூட்டமா உள்ள வந்தாங்க. அவங்க தாத்தா காலத்துல இருந்து வெள்ளைக்கார பிள்ளைங்க இலவசமா படிச்சிட்டு போனாங்க, இவங்க வந்து ஆறாவது வருஷம் ஃபீஸ் கவுண்டர் வந்துடுச்சு.

புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க்ல நார்த்சைடுன்னு ஒரு ஏரியா, போலந்துக்காரங்க நிறைய இருந்த தொழிலாளி ஜனம். 1975 நவம்பர்ல அங்க இருந்த எஞ்சின் 212 ஃபயர் ஸ்டேஷனை மூடறோம்னு ஆர்டர் வந்துச்சு. மர வீடுங்க நெருக்கி அடிச்சு நிக்கற தெரு, தீ பிடிச்சா ஒண்ணு ஒண்ணா போகும். ஜனங்க என்ன பண்ணாங்க, உள்ள புகுந்து ஸ்டேஷனையும் வண்டியையும் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. ஷிஃப்ட் போட்டு அங்கயே படுத்தாங்க, "மக்கள் ஃபயர்ஹவுஸ்"னு பேர் வெச்சாங்க, ஒண்ணே கால் வருஷத்துக்கு மேல விடல, கடைசில ஊர் இறங்கி வந்து ஸ்டேஷனை திரும்ப திறந்துச்சு. வாஷிங்டன் வாசல்ல நியூயார்க் நின்ன மாதிரி நியூயார்க் வாசல்ல நார்த்சைடு நின்னுச்சு, அவங்க கையில அடமானம் வைக்க தீயணைப்பு வண்டியாவது இருந்துச்சு.

ஃபோர்டுக்கும் பில் வந்துச்சு. 1976 தேர்தல்ல எலெக்டோரல் ஓட்டு, அதாவது ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனைன்னு ஒதுக்கி வெச்சிருக்கற ஓட்டு, ஜிம்மி கார்ட்டருக்கு 297, ஃபோர்டுக்கு 240. நியூயார்க் மாநிலத்துக்கு 41 ஓட்டு, அது கார்ட்டருக்கு போச்சு. அந்த 41 இந்தப் பக்கம் விழுந்திருந்தா ஃபோர்டு 281 வாங்கி ஜெயிச்சிருப்பாரு. அந்த ஒரு பேப்பர் தலைப்பு தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஃபோர்டே அப்படித்தான் நினைச்சாருன்னு சொல்றவங்க உண்டு.

பருவக் கடன் கெடு முடியறப்ப ஊர் இன்னும் சொந்தக் கால்ல நிக்கற நிலைமைல இல்ல, மறுபடியும் வாஷிங்டன். இந்த தடவை கார்ட்டர், ஊர்ல புது மேயர் எட் காச். 1978 ஆகஸ்ட்ல கார்ட்டர் நியூயார்க் சிட்டி ஹாலுக்கே வந்து கையெழுத்து போட்டாரு, 165 கோடி டாலர் வரைக்கும் நீண்ட கால பத்திரத்துக்கு மத்திய அரசோட ஜாமீன். 1975 மே மாசம் கேட்டதும் ஜாமீன் தான். 1981ல பட்ஜெட் ஒழுங்கா சமன் ஆச்சு.

சரி, ஆரம்பத்துல ரெண்டாவது கோரிக்கைன்னு சொன்னேனே, அந்த கால் பங்கு? முன்னுதாரணம் இல்லாம இல்ல. 1974ல இருந்து வயசானவங்க, கண் தெரியாதவங்க, மாற்றுத்திறனாளிங்க உதவித்தொகைய மத்திய அரசு தன் கையில எடுத்துக்கிச்சு. அதே மாதிரி மத்ததையும் எடுத்துக்கோங்கன்னா, அது ஒரு ஊர் பிரச்சினை இல்ல, நாட்டுக்கே கொள்கை, அப்புறம் பார்க்கலாம்னு வாஷிங்டன்ல இருந்து பதில். மாநிலம் கொஞ்சம் இறங்குச்சு, 1977ல இருந்து கோர்ட் செலவை படிப்படியா எடுத்துக்கிச்சு, சிட்டி யூனிவர்சிட்டியோட நாலு வருஷ காலேஜுங்க செலவையும் பின்னாடி ஏத்துக்கிச்சு. பெரிய மலை மட்டும் அசையல. கார்ட்டர் 1977ல வெல்ஃபேரை மொத்தமா மாத்தறேன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாரு, காங்கிரஸ்ல அது செத்துப் போச்சு. திவால் பயம் இருந்தப்ப எல்லாரும் கடன் பத்தி பேசினாங்க, பயம் போனதும் கால் பங்கு பத்தி பேச யாருக்கும் நேரமில்ல.

வெல்ஃபேர் சட்டம் 1996ல வேற உருவத்துக்கு மாறிடுச்சு. மெடிகெய்டுல ஊர் பங்கு இன்னும் இருக்கு. நடுவுல மாநிலம் உச்சவரம்பு போட்டு வளர்ச்சிய தடுத்து வெச்சிருக்கு, ஆனாலும் நியூயார்க் சிட்டி பட்ஜெட்டை திறந்தா இன்னைக்கும் வருஷத்துக்கு பல நூறு கோடி டாலர் அந்த ஒரு வரிக்கு போகுது, மேல இருக்கற ரெண்டு மாடிலயும் அதுக்கு இன்னும் "லோக்கல் ஷேர்"னு தான் பேரு.